உருக்கி ஊற்றும் சோப்பில் எண்ணெயும் வியர்வையும்

கடையில் கட்டியாகக் கிடைக்கும் சோப் பேஸை உருக்கி, எண்ணெயும் மூலிகைப் பொடியும் கலந்து அச்சில் ஊற்றி எடுக்கும் வீட்டுச் சோப்பில் நேரும் கோளாறுகள் பலவும், எண்ணெய் எவ்வாறு சோப்பாகிறது என்பதை மறந்துவிடுவதால் விளைபவை. கொழுப்பு, காஸ்டிக் சோடாவுடன் வினைபுரிந்து சோப்பாகவும் கிளிசரினாகவும் மாறுவதைச் சோப்பாக்கம் என்பர். 100 கிராம் தேங்காயெண்ணெய் முழுதும் இவ்வாறு மாற ஏறத்தாழ 18 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். ரயில்வே மருத்துவராயிருந்த வி.பி. சித்தன் 1969இல் சென்னையில் தொடங்கிய மெடிமிக்ஸில் தேங்காயெண்ணெய் இவ்வினைக்கு உட்பட்டே சோப்பாகிறது. சோப் பேஸிலோ அவ்வினை தொழிற்சாலையிலேயே முடிந்துவிடுவதால், மயிலாப்பூர் நாட்டு மருந்துக் கடையில் தேடி வாங்கிய எண்ணெயே ஆயினும், அதனுடன் சேரக் காரம் அங்கு மிச்சமில்லை. எண்ணெய் எண்ணெயாகவே தங்கிவிடுகிறது.

ஆகவே 500 கிராம் பேஸுக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மி.லி., எண்ணெயே தக்க அளவு. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்குப் பழகிய கைக்கு இது கஞ்சத்தனமாகவே தோன்றும். ஆனால் மூன்று நான்கு கரண்டி ஊற்றினால் கட்டி குழைந்து, நுரை குன்றி, மேற்பரப்பில் எண்ணெய்ப் படலம் கட்டும். அளவு சரியாயிருந்தும் எண்ணெய் மிதந்தால், கலவை மிகச் சூடாக ஊற்றப்பட்டிருக்கிறது எனக் கொள்ளலாம்; நுரையெழாமல் மெல்லக் கிளறிக்கொண்டே ஆறவிட்டு, சற்றுக் கெட்டிப்படும் நிலையில் ஊற்றினால் எண்ணெயும் பொடியும் பிரியாமல் நிற்கும். இரண்டு கரண்டி விழுந்துவிட்ட கட்டியை மீண்டும் உருக்கி, அதே எடைக்குப் புதிய பேஸ் சேர்த்துவிடலாம். மார்கழிக் காலையில் உறைந்திருக்கும் தேங்காயெண்ணெயை முன்னதாக வெதுவெதுப்பாக்கிக்கொள்வது நல்லது.

எண்ணெய்மேல் சுமத்தப்படும் பழி எல்லாம் எண்ணெயுடையதன்று. பேஸிலுள்ள கிளிசரின் காற்றின் ஈரத்தை ஈர்ப்பதால் கட்டியின்மேல் முத்து முத்தாக நீர் அரும்பும். இதனையே சோப்பு வியர்ப்பதாகக் கூறுவர். கடற்காற்று புகும் அடையாறு வீடுகளிலும், ஐப்பசி மழையில் நகரெங்கும், இது தவிர்க்க அரியது. துளியைத் தாளில் ஒற்றி ஒருநாள் வைத்துப் பார்த்தால், எண்ணெயாயின் ஒளி ஊடுருவும் கறை நிலைத்துவிடும். நீரெனில் பெரும்பாலும் உலர்ந்துபோகும். வியர்க்கிறதே என்று குளிர்பதனப் பெட்டியில் வைப்பதுதான் பலரும் செய்யும் பிழை: வெளியே எடுத்ததும் குளிர்ந்த கட்டியின்மேல் மேலும் ஈரம் படியும்.

கற்றாழைச் சோற்றையும் பாலையும் பச்சையாகச் சேர்த்தால் அவை கெடும். நேரடியாக அடுப்பில் கொதிக்கவிட்ட பேஸ் நீரிழந்து ரப்பர் போலாகும். இவற்றுக்குப் பின்னர் மருந்தில்லை.

நவராத்திரிக் கொலுவுக்கு வருவோர்க்குத் தாம்பூலத்துடன் வைத்துக் கொடுக்க இச்சோப்பைச் செய்வோர், அச்சிலிருந்து எடுத்த அன்றே ஒவ்வொரு கட்டியையும் மெல்லிய பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் இறுக்கிச் சுற்றி, அதன்மேலேயே வண்ணத்தாளைச் சுற்றுதல் வேண்டும். வெறும் தாளில் பொதிந்தால் ஓரிரு நாளில் தாளின் சாயம் சோப்பில் ஏறிவிடும்.