கூர்மாவதாரமும் கரை தேடி வரும் ஆமைகளும்

ஜீவன்களை எம்பெருமான் காக்கும் விதத்திற்குப் பெரியோர் மூன்று உவமைகளைக் கூறுவர். மீன் தன் குஞ்சுகளைப் பார்வையால் வளர்க்கிறது. பறவை ஸ்பரிசத்தால் வளர்க்கிறது. ஆமையோ கரையில் முட்டையிட்டுக் கடலுக்குத் திரும்பிய பின், நினைவினாலேயே அவற்றைப் பொரிக்கச் செய்கிறது என்பர். கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்தும் அடியவனை நினைந்து காக்கும் ஆசார்ய கிருபைக்கு இந்த ஆமையே உவமையாயிற்று. திருப்பாற்கடலைக் கடைந்தபோது அமிழத் தொடங்கிய மந்தர மலையைத் தாங்குவதற்குப் பகவான் மேற்கொண்ட திருமேனியும் ஆமைதான். கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் புலனடக்கத்திற்குக் கண்ணன் எடுத்துக்காட்டியதும் ஆமையையே.

இத்தனை பெருமை இருந்தும், "ஆமை புகுந்த வீடு உருப்படாது" என்ற பழமொழியைச் சொல்லி அதனை வெறுப்போர் உண்டு. அங்கே ஆமை என்பது கல்லாமை, பொறாமை போன்ற தீய குணங்களைக் குறிப்பது என்று சிலர் பொருள் உரைப்பர். அது எவ்வாறாயினும், பகவான் உகந்து ஏற்ற ஒரு வடிவம் அமங்கலமாவது எங்ஙனம் என்று வைணவர் சிந்திக்க வேண்டும்.

பங்குனி ஆமையின் வரலாறு

தமிழகக் கடற்கரைக்கு முட்டையிட வரும் கடலாமைகளுள் பெரும்பாலானவை பங்குனி ஆமைகள். ஏறத்தாழ இரண்டடி நீளமும் நாற்பது கிலோ அளவு எடையும் உள்ளவை இவை. குளத்து ஆமையைப் போல் தலையையும் கால்களையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளக் கடலாமையால் இயலாது. ஆபத்து நேர்ந்தால் ஒடுங்கிக்கொள்ளத் தன் ஓடும் அதற்குத் துணையில்லை. ஆகவே அது பிறர் கருணையையே நம்பி வாழும் பிராணியாகிறது.

ஜனவரி முதல் மார்ச் வரையிலான இரவுகளில் பெண் ஆமை கரையேறுகிறது. அலை எட்டாத மணலில் பின் துடுப்புகளால் ஒன்றரை அடி ஆழம் குழி பறித்து, நூறு முட்டைகளுக்கு மேல் இட்டு, மணலால் மூடி, சுமார் ஒரு மணி நேரத்தில் கடலுக்குத் திரும்பிவிடுகிறது. மீண்டும் அந்தக் குழியை அது பார்ப்பதில்லை. கதிரவனால் சூடேறிய மணலே முட்டைகளை அடைகாக்கிறது. மணலின் வெப்பம் மிகுந்தால் பெண் குஞ்சுகளும், குறைந்தால் ஆண் குஞ்சுகளும் மிகுதியாகப் பிறக்கின்றன. ஏறக்குறைய ஐம்பது நாட்களில் குஞ்சுகள் பொரிந்து, இரவில் மேலெழுந்து, வெளிச்சம் மிகுந்த திசையை நோக்கி ஓடுகின்றன. இயற்கையில் அந்தத் திசை கடலே.

இன்றைய துன்பம்

சாலை விளக்குகளும் கட்டடங்களின் விளக்குகளும் கடலினும் பிரகாசமாக இருப்பதால், குஞ்சுகள் திசை தவறி ஊர்ப்பக்கம் சென்று மடிகின்றன. நாயும் காகமும் பலவற்றை உண்கின்றன. தாய் ஆமைக்கோ வேறு துன்பம். ஆமை நீரில் வாழ்ந்தாலும் மேலே வந்து காற்றைச் சுவாசிக்க வேண்டிய பிராணி; இழுவலையில் நெடுநேரம் சிக்கினால் மூச்சடைத்து இறக்கிறது. 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. முட்டையிட வந்த தாய்கள் வயிற்றில் முட்டையுடனேயே மாண்ட காட்சி கண்டோர் நெஞ்சை உருக்கியது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கடலாமைகளுக்கு உயர்ந்த பாதுகாப்பை வழங்கியுள்ளது. எனினும் சட்டம் மட்டும் இரவில் கடற்கரையில் நடந்து காவல் புரியாது.

இளைஞர் காட்டிய வழி

அக்காவலை இளைஞர்களே மேற்கொண்டனர். 1970களின் முற்பகுதியில் சென்னைக் கடற்கரையில் சில இளைஞர்கள் இரவு நடை நடந்து ஆமை முட்டைகளைக் காக்கத் தொடங்கினர். அக்குழுவைச் சேர்ந்த சதீஷ் பாஸ்கர் பொறியியல் மாணவராயிருந்தவர். பின்னர் அவர் இந்தியக் கடற்கரையில் நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நடந்தே சென்று, ஆமைகள் முட்டையிடும் இடங்களைக் கணக்கெடுத்தார். 1982இல் மழைக்காலம் முழுதும் லட்சத்தீவின் ஆளில்லாத் தீவொன்றில் தனித்திருந்து ஆமைகளை ஆராய்ந்தார். அவர் 2023இல் மறைந்தார். 1988 முதல் சென்னையில் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் இப்பணியைத் தொடர்ந்து வருகின்றனர். நள்ளிரவில் மணலில் நடந்து, ஆமையின் தடம் கண்டு, முட்டைகளைப் பத்திரமான பொரிப்பகத்தில் சேர்த்து, பொரிந்த குஞ்சுகளைக் கடலில் விடுவதே இவர்களுடைய கைங்கர்யம்.

மாசி மகத்தில் செய்யத்தக்கவை

திருக்கடல்மல்லை, திருவஹீந்திரபுரம், திருக்கண்ணபுரம் முதலிய திவ்ய தேசத்து எம்பெருமான்கள் மாசி மகத்தன்று கடலாடி தீர்த்தவாரி கண்டருள்கின்றனர். பங்குனி ஆமைகள் கரையேறும் காலமும் அதுவே. ஆகவே தீர்த்தமாடச் செல்லும் இளைஞர்கள் பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் நலம்.

முதலாவதாக, இரவில் கரையில் தங்குவோர் பலமான விளக்கையும் புகைப்பட ஒளியையும் தவிர்த்தல் வேண்டும். வெளிச்சத்தைக் கண்டால் தாய் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடக்கூடும்.

இரண்டாவதாக, ஆமையைக் கண்டால் விலகி, ஓசையின்றி நிற்க வேண்டும். அதன் மீது அமர்வதும் அதைத் திருப்பிப் போடுவதும் பாவம்.

மூன்றாவதாக, முட்டைக்குழியைத் தோண்டலாகாது. இட்ட சில மணி நேரத்திற்குப் பின் புரட்டப்பட்ட முட்டையினுள் கரு அழிந்துவிடும். வனத்துறையினருக்கோ பயிற்சி பெற்ற தொண்டர்களுக்கோ இடத்தைத் தெரிவித்தால் போதும்.

நான்காவதாக, பிரசாதம் உண்ட பைகளையும் குவளைகளையும் கரையில் எறியாமல் திரும்ப எடுத்துச் செல்ல வேண்டும். ஒரு குழுவுக்கு ஒரு சாக்கு கொண்டு சென்றால் பிறர் எறிந்தவற்றையும் எடுத்துவரலாம்.

ஐந்தாவதாக, கடற்கரையூர் இளைஞர்கள் ஆமைக் காலத்தில் கரையோர விளக்குகளை இரவில் அணைக்குமாறு வீட்டாரையும் ஊராரையும் வேண்டிக்கொள்ளலாம்.

கடலுக்குத் தொலைவில் வாழ்வோர்க்கும் பணி உண்டு. வட அமெரிக்காவைச் சேர்ந்த சிவப்புக் காது ஆமைக்குஞ்சை விளையாட்டாக வாங்கி வளர்த்து, பெரிதானதும் திருக்குளத்தில் விட்டுவிடுவோர் உண்டு. அதைப் புண்ணியம் என்று நினைப்பது தவறு. அது நம் நாட்டுப் பால் ஆமை, குளத்து ஆமை ஆகியவற்றின் உணவையும் வெயில் காயும் இடத்தையும் கவர்ந்துகொள்ளும். நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பதோ சட்டப்படி குற்றம்.

முடிவுரை

பெருமாளின் திருநாளில் ஒருவர் ஆயிரம் பொன் காணிக்கை செலுத்த இயலாமல் போகலாம். ஒரு விளக்கை அணைப்பதும், ஒரு பையை எடுத்து வருவதும், வழிவிட்டு ஒதுங்கி நிற்பதும் எவருக்கும் இயலும். கரையில் முட்டையை விட்டுச் செல்லும் தாய், அதனைக் காக்கும் பொறுப்பை மணலிடமும் மனிதரிடமும் ஒப்படைத்துச் செல்கிறாள். அந்த அடைக்கலப் பொருளைக் காப்பது, மந்தரம் தாங்கிய கூர்மமூர்த்திக்குச் செய்யும் திருவாராதனமே ஆகும்.