கட்டுச்சோறும் கடற்பயணமும்

"கட்டிக்கொடுத்த சோறும் சொல்லிக்கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு?" என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. தானாகச் சிந்திக்காமல் பிறர் சொல்வதையே நம்பியிருப்பவரைப் பார்த்துப் பெரியோர் இதனைக் கூறுவர். இப்பழமொழியின் முற்பாதியில் உணவைப் பற்றிய உண்மை ஒன்றும் அடங்கியிருக்கிறது. சமைத்துக் கட்டிய உணவுக்கு ஆயுள் உண்டு. அந்த ஆயுள் முடிந்தபின் அதை உண்டால் உடலுக்குத் தீங்கு நேரும்.

கடற்பயணம் செல்வோர் இவ்வுண்மையை மறக்கக்கூடாது. பள்ளி விடுமுறையில் ஜொகூரிலிருந்து பல குடும்பங்கள் பாலம் கடந்து சிங்கப்பூருக்குச் சென்று, அங்கிருந்து உல்லாசக் கப்பலில் புறப்படுகின்றன. வேறு சில குடும்பங்கள் மெர்சிங் படகுத்துறையிலிருந்து தீவுகளுக்குச் செல்கின்றன. எதை எடுத்துச் செல்வது, எதை வீட்டில் விட்டுச் செல்வது என்ற கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் எழுகிறது. இக்கேள்வி நமக்குப் புதியதன்று. நம் முன்னோரும் இதே கேள்வியுடன்தான் கப்பல் ஏறினார்கள்.

கப்பலில் வந்தவர்கள்

மலேசியத் தமிழர்களின் மூத்த தலைமுறையினர் மறவாத கப்பல் 'ரஜூலா'. இது 1926ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கட்டப்பட்டது. சென்னை, நாகப்பட்டினம் ஆகிய துறைமுகங்களிலிருந்து பினாங்கு, இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் ஆகிய இடங்களுக்கு அது பயணிகளை ஏற்றி வந்தது. 1970களின் தொடக்கம் வரை, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அது கடலில் உழைத்தது. அதன்பின் 'எம்.வி. சிதம்பரம்' என்னும் கப்பல் அத்தடத்தில் 1985 வரை ஓடியது. சிங்கப்பூரில் இறங்கியவர்கள் 1924இல் திறக்கப்பட்ட ஜொகூர் பாலத்தின் வழியாக நம் மாநிலத்துக்கு வர முடிந்தது.

அந்தப் பயணம் ஏறத்தாழ ஒரு வாரம் நீடித்தது. குறைந்த கட்டணத்தில் வந்தவர்களுக்குத் தனி அறை கிடையாது. கப்பலின் தளத்தில் பாய் விரித்துப் படுத்து, தங்கள் டிரங்குப் பெட்டியையே தலைமாட்டில் வைத்துக்கொண்டு அவர்கள் கடலைக் கடந்தார்கள். கப்பலில் உணவு வழங்கப்பட்டாலும், வீட்டிலிருந்து கட்டி எடுத்துச் செல்லும் வழக்கம் தமிழரிடம் வேரூன்றியிருந்தது. தொலைதூரப் பயணத்துக்கென்றே தமிழர் வீடுகளில் செய்யப்படும் பண்டங்கள் சில உண்டு: புளிச்சோறு, முறுக்கு, அதிரசம், பொருள்விளங்காய் உருண்டை, அவல், ஊறுகாய், சுக்கு. இப்பட்டியலைச் சற்றே ஆராய்ந்தால், இவை நாவின் சுவைக்காக மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டவை அல்ல என்பது விளங்கும்.

சில உணவுகள் ஏன் கெடுவதில்லை?

உணவைக் கெடுப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரிகள். அவை வாழ்ந்து பெருகுவதற்கு நீர், மிதமான வெப்பம், நேரம் ஆகியவை தேவை. அவற்றுள் ஒன்றைக் குறைத்தாலும் உணவின் ஆயுள் கூடும்.

முறுக்கு மாவைக் கொதிக்கும் எண்ணெயில் இட்டவுடன் குமிழிகள் எழுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மாவிலுள்ள நீர்தான் ஆவியாகி அவ்வாறு வெளியேறுகிறது. குமிழிகள் அடங்கும்போது நீர் பெரும்பாலும் நீங்கிவிட்டது என்று பொருள். எனவேதான் மொறுமொறுப்பான முறுக்கு பல நாள் தாங்குகிறது. அதைக் காற்றுப் புகாத டப்பாவில் வைக்காவிட்டால், கடற்காற்றின் ஈரத்தை உறிஞ்சி நமத்துப் போகும்.

பொருள்விளங்காய் உருண்டையில் அரிசியும் பயறும் வறுக்கப்படுவதால் ஈரம் போய்விடுகிறது. வெல்லப்பாகு எஞ்சிய நீரைத் தன்னோடு பிணைத்துக்கொள்வதால் அந்நீர் நுண்ணுயிரிகளுக்குப் பயன்படுவதில்லை. ஊறுகாயில் உப்பு அதே வேலையைச் செய்கிறது; புளிப்பு நுண்ணுயிரிகளின் வளர்ச்சியைத் தாமதப்படுத்துகிறது. அவலுக்கு அடுப்பே தேவையில்லை. தூய நீரில் சற்று நேரம் ஊறவைத்தால் போதும். தீ மூட்ட முடியாத இடத்தில் இது எவ்வளவு பெரிய உதவி என்பதை எண்ணிப் பாருங்கள்.

புளிச்சோற்றில் புளியின் அமிலம் நுண்ணுயிரிகளின் வளர்ச்சியைத் தாமதப்படுத்துகிறது. ஆயினும் அது சோறுதான். ஆகவே, அது பயணத்தின் தொடக்கத்தில் உண்பதற்கு உரியது. அடுத்தடுத்த நாள்களுக்கு முறுக்கும் உருண்டையும் அவலும்தான் கைகொடுக்கும். முதலில் கெடக்கூடியதை முதலில் உண்பது என்பதே கட்டுச்சோற்றின் முதல் பாடம்.

சோறும் கடிகாரமும்

இனி இன்றைய சூழல் ஒன்றைக் கருதுவோம். ஜொகூர் பாருவில் ஒரு குடும்பம் விடியற்காலை ஐந்து மணிக்கு நாசி லெமாக் சமைத்துப் பொட்டலம் கட்டுகிறது. ஏழு மணிக்கு வீட்டைவிட்டுப் புறப்படுகிறது. விடுமுறைக் காலமாதலால் பாலத்தில் நெரிசல். குடிநுழைவுச் சோதனைகளை முடித்துக் கப்பல் முனையத்தை அடைந்து, வரிசையில் நின்று, அறைக்குள் நுழையும்போது மதியம் ஒரு மணி ஆகிவிடுகிறது. பசியோடு பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள். சோறு மணமாகத்தான் இருக்கிறது. அதை உண்ணலாமா?

உண்ணக்கூடாது. சமைத்து எட்டு மணி நேரம் கடந்துவிட்டது. 5 டிகிரி செல்சியசுக்கும் 60 டிகிரி செல்சியசுக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் நுண்ணுயிரிகள் விரைந்து பெருகும். சமைத்த உணவை நான்கு மணி நேரத்திற்குள் உண்ண வேண்டும் என்று நமது சுகாதார அமைச்சு அறிவுறுத்துவதற்கு இதுவே காரணம். சோற்றில் 'பேசில்லஸ் செரியஸ்' என்னும் நுண்ணுயிரியின் வித்துகள் இருக்கக்கூடும். அரிசி வேகும்போதும் அவை அழிவதில்லை. சோறு வெதுவெதுப்பாக நீண்ட நேரம் இருந்தால் அவை முளைத்து நச்சை உண்டாக்கும். வாந்தியை உண்டாக்கும் அந்நச்சு, மீண்டும் சூடாக்கினாலும் நீங்காது. கெட்ட வாடை வந்தால்தான் உணவு கெட்டது என்று எண்ணுவதும் தவறு. நஞ்சேறிய சோறு நல்ல மணத்தோடும் இருக்கலாம்.

வீட்டில் வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் அருகில் மருந்தகம் உண்டு. நடுக்கடலில் அவ்வாறன்று. கப்பலில் மருத்துவர் இருப்பினும் பெரிய மருத்துவமனை கரையில்தான் இருக்கிறது. கைக்குழந்தையும் முதியவரும் உடலின் நீரை விரைவில் இழந்துவிடுவர். அக்குடும்பம் அன்று எடுத்துச் செல்ல வேண்டியது சோறன்று. ரொட்டி, பிஸ்கட், வாழைப்பழம், வேர்க்கடலை போன்றவையே. பழத்தை வழியிலேயே உண்டுவிட வேண்டும். நாசி லெமாக்கை வீட்டிலேயே பசியாறிவிட்டுப் புறப்படுவது நலம்.

தாகமும் தலைசுற்றலும்

கடலெங்கும் நீர் இருந்தும் அதைக் குடிக்க முடியாது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உள்ளது. நமது சிறுநீரகம் அவ்வளவு உப்பை வெளியேற்ற, குடித்ததைவிட அதிகமான நீரைச் செலவிட வேண்டியிருக்கும். கடல்நீர் குடித்தவரின் தாகம் அதனால்தான் கூடுகிறது. இன்றைய பெரிய கப்பல்கள் கடல்நீரிலிருந்து உப்பை நீக்கிக் குடிநீர் தயாரிக்கின்றன. தீவுக்குச் செல்லும் சிறு படகில் அந்த வசதி இல்லை. ஆதலால் மெர்சிங்கில் படகேறுபவர் தம் குடிநீரைத் தாமே எடுத்துச் செல்வது நல்லது. வெயிலில் இனிப்புப் பானங்களைவிடத் தண்ணீரே தாகத்தைத் தணிக்கும். வாந்தியோ வயிற்றுப்போக்கோ ஏற்பட்டால் இழந்த உப்பையும் நீரையும் ஈடுசெய்ய, மருந்தகங்களில் கிடைக்கும் உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் சிலவற்றைப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

கப்பல் ஆடும்போது சிலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் உண்டாகும். அறைக்குள் இருக்கும் கண், எதுவும் அசையவில்லை என்கிறது. உட்செவியோ உடல் அசைகிறது என்கிறது. இம்முரண்பாட்டால் மூளை குழம்புகிறது. அப்போது எண்ணெய்ப் பலகாரம் குமட்டலை மிகுவிக்கும். உலர்ந்த பிஸ்கட்டைச் சிறிது சிறிதாக உண்பதும், இஞ்சி மிட்டாயோ சுக்கு நீரோ சுவைப்பதும், தொடுவானத்தைப் பார்ப்பதும் பலருக்கு ஆறுதல் தரும். முன்னோர் மூட்டையில் சுக்கு இருந்ததன் பொருள் இப்போது புரிகிறதல்லவா?

கப்பலின் விதி, கரையின் சட்டம்

உடலுக்கு ஏற்ற உணவையெல்லாம் கப்பலுக்குள் கொண்டு செல்ல முடியாது. பல உல்லாசக் கப்பல்கள் வீட்டில் சமைத்த உணவை ஏற்பதில்லை. கடையில் வாங்கிய, பிரிக்கப்படாத பொட்டலங்களை மட்டுமே அனுமதிக்கின்றன. ஆயிரக்கணக்கானோர் ஒரே கூரையின்கீழ் தங்கும் இடத்தில் ஒருவரின் நோய் பலருக்கும் பரவக்கூடும் என்பதை நாம் உணர வேண்டும். உணவுக்கு முன் சோப்பிட்டுக் கைகழுவுவதும் அந்தப் பொறுப்பின் ஒரு பகுதியே.

மின்கெண்டி, மின் சோற்றுப்பானை போன்ற சூடாக்கும் கருவிகளையும் பெரும்பாலான கப்பல்கள் தடுக்கின்றன. கடலில் தீயைவிடக் கொடிய பகை வேறில்லை. 'எம்.வி. சிதம்பரம்' கப்பலின் பயணிகள் சேவை, 1985 பிப்ரவரியில் பலரின் உயிரைப் பறித்த ஒரு தீவிபத்தோடுதான் முடிவுக்கு வந்தது.

கரைக்கும் சட்டங்கள் உண்டு. சிங்கப்பூருக்குள் சூயிங்கம் கொண்டு செல்வது 1992 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. இறைச்சி, பழம், விதை, செடி ஆகியவற்றுக்கும் நாட்டுக்கு நாடு கட்டுப்பாடுகள் உள்ளன. ஒரு பழத்தினுள் ஒளிந்திருக்கும் பழ ஈயின் புழு, ஒரு நாட்டின் பழத்தோட்டங்களையே அழிக்கக்கூடும். நம் நாட்டு நுழைவாயில்களிலும் இதற்கான சோதனைகள் மேற்கொள்ளப்படுகின்றன. எனவே, பெட்டி கட்டுவதற்கு முன்பே கப்பல் நிறுவனத்தின் விதிகளையும் செல்லும் நாட்டின் சட்டங்களையும் படித்தறிய வேண்டும்.

ஒன்றை மட்டும் எவரும் மறக்கக்கூடாது. பெரிய பெட்டிகளைக் கப்பல் பணியாளரிடம் ஒப்படைத்தால், அவை அறைக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகலாம். நீரிழிவு உள்ள தாத்தா பாட்டியின் மருந்து, குழந்தையின் பால்மாவு, ஒவ்வாமை உள்ளவருக்கு ஏற்ற தின்பண்டம் ஆகியவை கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

சொல்லும் சோறும்

இன்றைய கப்பலில் உணவுக்குப் பஞ்சமில்லை. அப்படியிருக்க நாம் ஏன் இவ்வளவு சிந்திக்க வேண்டும்? நாம் கட்டும் பையைக் கொண்டுதான் நம்முடன் வரும் குழந்தையும் முதியவரும் இடைவழியில் பசியாறுகிறார்கள். அதில் வைக்கும் தவறான பொட்டலமோ அவர்களையே நோயாளியாக்கும்.

கட்டிக்கொடுத்த சோறு சில மணி நேரமே தாங்கும். சொல்லிக்கொடுத்த சொல்லும் காரணம் அறியாதவரிடம் நெடுநாள் நிற்பதில்லை. 'சோறு எடுத்துச் செல்லாதே' என்று மனப்பாடம் செய்தவர் அடுத்த பயணத்தில் அதை மறப்பார். நீர், வெப்பம், நேரம் ஆகியவை உணவை என்ன செய்யும் என்று உணர்ந்தவரோ, எந்தக் கப்பலுக்கும் எந்தக் கரைக்கும் ஏற்றவாறு தம் பையைத் தாமே கட்டிக்கொள்வார்.

சிந்தித்து விடை கூறுக

1. முறுக்கும் பொருள்விளங்காய் உருண்டையும் பல நாள் தாங்குவதற்கான காரணங்களை ஒப்பிட்டு எழுதுக.

2. எட்டு மணி நேரத்திற்கு முன் சமைத்த சோற்றை மீண்டும் சூடாக்கி உண்ணலாம் என்று உங்கள் நண்பர் கூறுகிறார். நீங்கள் என்ன விளக்கம் அளிப்பீர்கள்?

3. வீட்டில் சமைத்த உணவைக் கப்பலில் தடுப்பது நியாயமானதா? உங்கள் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

4. கடல்வழி இந்நாட்டுக்கு வந்தவர்களைப் பற்றி உங்கள் குடும்பத்துப் பெரியோரிடம் கேட்டறிந்து, அவர்கள் கையில் எடுத்து வந்த பொருள்களைப் பட்டியலிடுக.