கிராபிக்ஸ் கார்டு வாங்குவதற்கு முன்



உங்கள் கடிதம் கிடைத்தது. கேம் ஆரம்பித்துக் கால் மணி, அரை மணி நேரத்தில் கம்ப்யூட்டர் நின்றுவிடுகிறது, விண்டோஸை ஃபார்மட் போட்டும் சரியாகவில்லை, கடைக்காரர் கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது என்கிறார், அப்பாவிடம் பணம் கேட்கத் தயக்கமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இப்போதைக்குக் கேட்காதீர்கள். கார்டு போயிருக்கவும் கூடும். ஆனால் சோதித்துப் பார்க்காமல் அப்படிச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. கம்ப்யூட்டரிலேயே விலை அதிகமான பாகத்தை ஊகத்தின் பேரில் வாங்கச் சொல்வது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது.

கடிதம் முழுக்க ‘க்ராஷ்’ என்றே எழுதியிருக்கிறீர்கள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் ‘கரண்ட் போன மாதிரி பட்டென்று அணைகிறது’ என்று இருக்கிறது. எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த வரிதான். கேம் மட்டும் மூடிக்கொண்டு டெஸ்க்டாப் தெரிந்தால் ராம், டிரைவர், ப்ராசஸர் பக்கம் பார்க்க வேண்டும். திரை கறுத்து, ஃபேன் மட்டும் இரைச்சலோடு சுற்றினால் கார்டின் மேல் சந்தேகப்படலாம். மொத்தமாக அணைந்தால் முதலில் பார்க்க வேண்டியது மின்சாரம் வரும் வழி.

உங்கள் மேஜைக்கு அடியில் இருக்கும் யுபிஎஸ்ஸைத் திருப்பிப் பாருங்கள். வீடுகளில் சாதாரணமாக இருப்பது 600 விஏ. அதன் பின்புறம் 360 வாட்ஸ் என்றும் அச்சிட்டிருக்கும். கணக்கில் வருவது இந்த இரண்டாவது எண்தான். பாட்டு கேட்கும்போதும் புராஜெக்ட் டைப் செய்யும்போதும் உங்கள் கம்ப்யூட்டர் அதில் கால்பங்கைக்கூட இழுக்காமல் இருக்கலாம். கேம் ஓடும்போது கார்டுக்கு 200 வாட்ஸ், ப்ராசஸருக்கு 100, அதோடு மானிட்டர் என்று எல்லையைத் தொட்டுவிடும். அந்த நேரம் பார்த்து வோல்டேஜ் குறைந்து, யுபிஎஸ் ‘டிக்’கென்று பேட்டரிக்கு மாறினால் அந்தச் சுமையை அதனால் தாங்க முடியாது. போதாததற்கு, விலை குறைந்த யுபிஎஸ்கள் பேட்டரியில் கொடுக்கும் மின்சாரம் சீரான அலையாக இருப்பதில்லை. கம்ப்யூட்டருக்குள் எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டிதான் எஸ்எம்பிஎஸ். இப்போதைய எஸ்எம்பிஎஸ்களில் சில அந்த அலையை ஏற்காமல் அணைந்துவிடும். ஒரு நாள் சாயங்காலம், கரண்ட் நிலையாக இருக்கும் நேரமாகப் பார்த்து, யுபிஎஸ்ஸைக் கழற்றிவிட்டு எர்த் உள்ள சுவர் பிளக்கில் நேராகச் செருகி விளையாடுங்கள். பைசா செலவில்லாத சோதனை இது.

அப்போதும் அணைந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது எஸ்எம்பிஎஸ். கிராபிக்ஸ் கார்டு சில மில்லி விநாடிகளுக்குத் தன் அளவைத் தாண்டி மின்சாரத்தை இழுக்கும். எஸ்எம்பிஎஸ்களுக்காக 2022-ல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை இந்தத் திடீர் ஏற்றங்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. பழைய எஸ்எம்பிஎஸ் பாதுகாப்புக்காகத் தன்னையே அணைத்துக்கொள்ளலாம். ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்குங்கள். கேமில் ஃப்ரேம் வேகத்தை 60-க்கு மேல் போகாமல் கட்டுங்கள். அதற்குப் பிறகு நிற்காமல் ஓடினால், கார்டைவிட எஸ்எம்பிஎஸ் மேல்தான் என் சந்தேகம் போகும். கார்டில் இரண்டு பவர் சாக்கெட் இருந்தால் ஒரே கேபிளின் இரண்டு முனைகளைச் செருகாமல், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனித்தனிக் கேபிள் கொடுங்கள்.

வெயில் காலத்தில் அறைச் சூடு கூடினால் உள்ளே இருக்கும் பாகங்களின் சூடும் கூடும். கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிவைத்து ஒருமுறை விளையாடிப் பாருங்கள். தூசியையும் துடைத்துவிடுங்கள். ஆனால் இன்றைய கார்டும் ப்ராசஸரும் சூடானால் முதலில் வேகத்தைத்தான் குறைத்துக்கொள்ளும். உடனே அணைவதில்லை.

விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல் பவர் 41’ என்று சிவப்பில் ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்துவிட்டு எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றியவர்கள் நிறையப் பேர். கம்ப்யூட்டர் முறையாக ஷட் டவுன் ஆகவில்லை என்பதற்கு மேல் அந்த வரி எதையும் சொல்வதில்லை. அதே நேரத்தில் வேறு என்ன பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். ‘டபிள்யூஎச்இஏ லாகர்’ என்று இருந்தால் ஹார்டுவேரே பிழையைச் சொல்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் ப்ராசஸர், ராம், மதர்போர்டு பக்கம். பயாஸில் ராமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பி போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் விட்டுவிடக் கூடாது. இவற்றில் எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால், சரியானது எதனால் என்று தெரியாமலே போகும்.

திரையில் வரும் செய்தியையும் அப்படியே நம்பிவிட முடியாது. இன்டெலின் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் விஷயத்தில் நடந்தது அதுதான். அன்ரியல் எஞ்சினில் செய்த கேம்கள் ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்று சொல்லி மூடிக்கொண்டன. எல்லோரும் கிராபிக்ஸ் கார்டைத் திட்டினார்கள். குறை ப்ராசஸரில் இருந்தது. அளவுக்கு மீறிய வோல்டேஜ் அதன் உள்ளே ஒரு சர்க்யூட்டை மெல்லக் கெடுத்துவந்தது. 2024 ஜூலையில் இன்டெல் வோல்டேஜ் காரணத்தை வெளிப்படையாகச் சொன்னது, ஆகஸ்டில் திருத்தம் வந்தது, உத்தரவாதத்தையும் 2 ஆண்டு நீட்டித்தார்கள். பயாஸ் அப்டேட் வழியாக வரும் அந்தத் திருத்தம் மேலும் கெடாமல் காக்கும். ஏற்கெனவே கெட்டதைச் சரிசெய்யாது. அப்படி ஆன ப்ராசஸரை உத்தரவாதத்தில் மாற்றித்தான் வாங்க வேண்டும்.

உங்கள் ப்ராசஸர் எது என்று நீங்கள் எழுதவில்லை. அதையும், சுவர் பிளக்கில் செருகியபோது என்ன நடந்தது என்பதையும் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். எல்லாப் பாகங்களின் பில்லையும் தேடி எடுத்து வையுங்கள். கடைசியில் கார்டுதான் குற்றவாளி என்று தெரிந்தாலும், உத்தரவாதம் மிச்சம் இருந்தால் புதிது வாங்க வேண்டியதில்லை.