கேமராவைக் கிழக்கே பார்த்து வை

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதிக்கொண்டது. உன் கடிதமும், மார்கழியில் நீ படம் பிடிக்கப்போகும் பாட்டுக்கான காட்சிப் பட்டியலும் கிடைத்தன. மற்றக் காட்சிகளைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை. கடைசிக் காட்சியைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. "திருப்பாலைக்குடி கடற்கரை. மாலை. கடலுக்குள் சூரியன் மறைய, அதன் முன்னால் பாடகி நிழலுருவமாக நிற்கிறாள்" என்று எழுதியிருக்கிறாய். ராமநாதபுரம் மாவட்டத்துப் பெண் எழுதுகிற வரியா இது? திருப்பாலைக்குடி பாக் விரிகுடாவின் கரையில், கிழக்கே கடல் பார்த்து இருக்கிற ஊர். அங்கே சூரியன் கடலில் எழும், கடலில் விழாது. மாலையில் அது உன் முதுகுக்குப் பின்னால், கிழக்குக் கடற்கரைச் சாலையையும் உப்பளங்களையும் பனைகளையும் தாண்டி, தரைக்குள்தான் இறங்கும்.

உன்னை மட்டும் திட்டிப் பயனில்லை. பாரதிராஜா 'அலைகள் ஓய்வதில்லை' (1981), 'கடலோரக் கவிதைகள்' (1986) இரண்டையும் முட்டத்தில் எடுத்தார். முட்டம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அரபிக்கடல் பக்கம் இருக்கிறது. அங்கே மாலை வெளிச்சம் கடல்மேல் தவழ்ந்து வரும். அந்தப் படங்களுக்குப் பிறகு நம்மவர்களுக்குக் கடல் என்றாலே முட்டத்துக் கடல்தான். சென்னையிலிருந்து கோடியக்கரை வரை மாலையில் கடலைப் பார்த்து நிற்கிற அத்தனை பேருக்கும் சூரியன் முதுகில்தான் அடிக்கிறது என்பதை யாரும் கவனிப்பதில்லை. கடலில் விழும் சூரியன்தான் வேண்டுமென்றால் அரிச்சல்முனைக்குப் போ, மன்னார் வளைகுடா பக்கம் கிடைக்கும். ஆனால் பொழுது சாயும் முன்பே அங்கிருந்து திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அடுத்து நீ கேட்டிருக்கும் கேள்வி: குளிரில் கேமரா பேட்டரி சீக்கிரம் இறங்குமாமே? யாரோ பனி கொட்டுகிற நாட்டுக்காரர் தன் ஊருக்குச் சொன்னதை நீ திருப்பாலைக்குடிக்குத் தூக்கி வந்திருக்கிறாய். லித்தியம் பேட்டரி சோர்வது உறைநிலையை ஒட்டி. நம் கரையில் மார்கழி விடியலில்கூட இருபது டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். நமக்குக் குளிர் தெரிவது வாடைக்காற்றாலும் ஈரத்தாலும். அது பேட்டரியை ஒன்றும் செய்யாது, லென்ஸைச் செய்யும். குளிர்நாட்டில் வெளியிலிருந்து வீட்டுக்குள் வரும்போது லென்ஸில் ஆவி படியும். இங்கே நேர் எதிர்: ஏ.சி. போட்ட காரிலிருந்து கேமராவை எடுத்துக் கடற்கரையில் வைத்தால் ஈரக்காற்று பட்டுக் கண்ணாடி வெளுத்துவிடும். ஆகவே நாலு மணிக்கே பெட்டியை வெளியே வைத்துவிடு. லென்ஸைக் கரையில் கழற்றி மாட்டாதே, உப்புச் சாரல் உள்ளே போகும். இரவு வீட்டுக்கு வந்ததும் டிரைபாட் கால்களை நல்ல தண்ணீரில் கழுவு. இது போதும், உபகரணப் பேச்சு எனக்கு அலுப்பு.

பேச வேண்டியது வெளிச்சத்தைப் பற்றி. 'கோல்டன் அவர்' என்று நீ எழுதியிருக்கிற அந்த ஒரு மணி நேரம் நம் ஊரில் இல்லை. ஒளிப்பதிவாளர் நெஸ்டர் அல்மென்ட்ராஸ் 1978இல் வந்த 'டேஸ் ஆஃப் ஹெவன்' படத்தின் பெரும்பகுதியைச் சூரியன் மறைந்த பிறகு மிஞ்சும் வெளிச்சத்தில் எடுத்தார், ஆஸ்கரும் வாங்கினார். தன் நூலில் அவரே சொல்கிறார், அந்த வெளிச்சம் இருபது, இருபத்தைந்து நிமிடம்தான் என்று. பகலெல்லாம் ஆயத்தம் செய்துவிட்டு அந்த நிமிடங்களில் ஓட்டமாக ஓடிப் படம் பிடித்திருக்கிறார்கள். கதை நடப்பது டெக்சாஸில், ஆனால் எடுத்தது வடக்கே கனடாவின் ஆல்பர்ட்டாவில். வடக்கே போகப் போகச் சூரியன் சாய்வாக இறங்குவதால் அந்தி நீளும். டிசம்பர் கடைசியில் லண்டனில் சூரியன் மறைந்தபின் ஏறத்தாழ 40 நிமிடம் கண்ணுக்கு வேலை செய்கிற வெளிச்சம் இருக்கும். நமக்கு ஏறத்தாழ 22 நிமிடம். நம் சூரியன் செங்குத்தாக, நாலு நிமிடத்துக்கு ஒரு டிகிரி என்ற கணக்கில் விழுகிறது. மார்கழியில் ஆறு மணியை ஒட்டி அது மறைந்தால் ஆறரைக்கு நீ கடையைக் கட்ட வேண்டியதுதான்.

அது மறைகிற திசையும் நேர் மேற்கு அல்ல. மார்கழியில் மேற்கிலிருந்து சுமார் 24 டிகிரி தெற்கே தள்ளி மறையும். பக்கத்து ஊரான உப்பூர் வெயிலுகந்த விநாயகரைப் பார்த்திருப்பாய். தட்சிணாயனத்தில் தெற்குப் பக்கமும் உத்தராயணத்தில் வடக்குப் பக்கமும் அவர்மேல் வெயில் படும் என்பார்கள். அந்தப் பிள்ளையாருக்குத் தெரிந்த கணக்கு படம் எடுக்கிறவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். போன சித்திரையில் போய்ப் பார்த்துவிட்டு வந்த இடத்தில் மார்கழியில் வெளிச்சம் அதே மாதிரி விழாது.

இனிதான் உனக்குப் பாக்கியம். கடலில் சூரியன் இல்லை என்று வருந்தாதே. சூரியன் மறைந்ததும் கிழக்குக் கடலின் விளிம்பைப் பார். கரு நீலச் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை தண்ணீரிலிருந்து மெல்ல எழும். அதற்கு மேலே வெளிறிய ரோஜா நிறத்தில் இன்னொரு பட்டை. பலர் அதை மேகமென்றும் மூடுபனியென்றும் நினைத்துத் திரும்பிவிடுவார்கள். அந்தக் கருநீலம் பூமியின் நிழல், மகளே! நாம் நிற்கிற இந்த உருண்டை தன் நிழலைத் தன் காற்றின் மேலேயே போட்டுக்கொள்கிறது. மேலே இருக்கும் ரோஜாப் பட்டையில் இன்னும் வெயில் படுகிறது. நெடுந்தூரம் காற்றில் ஊடுருவிச் சிவந்துபோன அந்த வெயில் திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது. சூரியன் மேற்கே எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவு இந்த நிழல் கிழக்கே உயரும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் ரோஜா கரைந்து எல்லாம் ஒரே நீலமாகிவிடும்.

இந்த நிழல் வானத்தில் பதினான்கு லட்சம் கிலோமீட்டர் நீண்டு ஊசிமுனையாக முடிகிறது. வழியில் நிலா மாட்டிக்கொண்டால் அதுதான் சந்திரகிரகணம். கி.பி. 499இல் எழுதிய நூலில் ஆரியபட்டர் ராகுவையும் கேதுவையும் ஒதுக்கிவிட்டு நிழல்தான் காரணம் என்று சொன்னார். ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை வரும் கிரகணத்தைப் பார்க்க மொட்டைமாடி ஏறுகிறோம். அதே நிழல் ஒவ்வொரு மாலையும் வங்கக்கடலிலிருந்து ஏறி வருகிறது, ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை! மின்னார்ட் என்கிற வானியலாளர் டச்சு மொழியில் 1937இல் திறந்தவெளியின் ஒளி, நிறம் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதன் ஆங்கிலப் பதிப்பு என் அலமாரியில் அட்டை கிழிந்து கிடக்கிறது. அந்தி வானத்தை அவர் நிமிடம் நிமிடமாகப் பிரித்துச் சொல்வதைப் படித்தபின் எனக்கு மாலை நேரத்தில் மேற்கே பார்க்கத் தோன்றவே இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் அவரைச் சிறைவைத்தபோது உடனிருந்தவர்களுக்கு இயற்பியல் பாடம் நடத்தினாராம். வாத்தியார் என்றால் அப்படி இருக்க வேண்டும். சரி, உன் பாட்டுக்கு வருகிறேன்.

கடைசிக் காட்சியை இந்த வானத்துக்கு எடு. கேமராவைக் கிழக்கே பார்த்து, நெஞ்சு உயரத்துக்குக் கீழே வை. பாடகியின் தலை ரோஜாப் பட்டையில் வரட்டும். அவளைக் கடலுக்கு முதுகு காட்டி நிறுத்தாதே. வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசி முடியையெல்லாம் முகத்தில் போடும். வடக்கே பார்த்து, பக்கவாட்டில் நிறுத்து. முடி பின்னால் பறக்கும். மேற்கு வானத்தின் மிச்ச வெளிச்சம் கேமரா பக்கத்துக் கன்னத்தில் விழும். அதற்குமேல் வேண்டுமென்றால் ஒரு தெர்மாகோல் அட்டை போதும். ஆட்டோ வைட் பேலன்ஸை அணைத்து 5600 கெல்வினில் நிறுத்து. இல்லாவிட்டால் உன் கேமரா அந்த நீலத்தையும் ரோஜாவையும் தப்பென்று நினைத்துத் திருத்தி வெள்ளையடித்துவிடும்.

நாளையும் சும்மா குறிக்காதே. மார்கழித் தொடக்கத்தில் மழை மேகம் நிற்கும். கிழக்கு, மேற்கு இரண்டு விளிம்பும் வெளுத்திருந்தால்தான் நிழல் தெளிவாகத் தெரியும். மழை கழுவிவிட்ட மறுநாள் உத்தமம். உத்தரகோசமங்கையில் மரகத நடராஜருக்குச் சந்தனம் களைகிற ஆருத்ராவை ஒட்டிப் பௌர்ணமி வரும். தைப்பூசமும் அப்படியே. பௌர்ணமியன்று சூரியன் மறைகிற நேரத்தை ஒட்டி நிலா கடலிலிருந்து அந்தப் பட்டைகளுக்குள்ளேயே எழும். முதல் நாள் மாலையென்றால் ஏற்கெனவே கொஞ்சம் மேலே ஏறி நிற்கும். வானத்திலும் வெளிச்சம் மிச்சமிருப்பதால் இரண்டும் ஒரே எக்ஸ்போஷரில் அடங்கும்.

நிழலுருவம்தான் வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தால் கடலை விட்டுவிட்டு உப்பளத்துக்கு வா. மழைக்காலத்தில் உப்பு எடுப்பதில்லை. பாத்திகளில் தண்ணீர் நிற்கும். மேற்கு வானம் முழுவதும் அதில் கிடக்கும். உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு வரப்பில் மட்டும் நட. பாத்திக்குள் இறங்கி மிதிக்கக் கூடாது.

பாட்டை ஒலிக்கவிடுவது பற்றி ஒரு தவறான எண்ணம் உன் கூட்டாளிகளுக்கும் இருக்கிறது. ஸ்பீக்கர் தூரத்தில் இருந்தால் உதட்டசைவு கெட்டுவிடும் என்கிறார்கள். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் போகிறது. 24 பிரேம் ஓட்டத்தில் ஒரு பிரேமுக்குள் 14 மீட்டர். பாடுவது ஒருத்தியென்றால் எத்தனை பிரேம் பிந்தினாலும் எடிட்டிங்கில் நகர்த்திவிடலாம். கரை நெடுகப் பத்துப் பேரை நிறுத்திக் கோரஸ் பாட வைக்கிறாயே, அங்கேதான் வினை. ஒரு முனையில் ஸ்பீக்கர் வைத்தால் அறுபது மீட்டர் தள்ளி நிற்பவன் நாலு பிரேம் பிந்துவான். அதை எந்த எடிட்டரும் ஒரே சட்டகத்துக்குள் சரிசெய்ய முடியாது. கூட்டத்தை நெருக்கி நிறுத்து, அல்லது கேமராவுக்குப் பின்னால் நடுவில் ஸ்பீக்கரை வைத்து எல்லோரையும் வளைவாக நிறுத்து.

இன்னொன்று, சூரியன் மறைந்ததும் மஃரிபு பாங்கு சொல்வார்கள். உன் பொன்னான நிமிடங்களும் அவையே. அந்த நேரத்தில் ஸ்பீக்கர் அலறினால் நான் உன் பக்கம் பேச மாட்டேன். பாடகிக்குக் காதில் சின்ன இயர்போன் போதும். புளூடூத் கொஞ்சம் பிந்தும், ஆனால் எப்போதும் ஒரே அளவில் பிந்தும், நகர்த்திக்கொள்ளலாம். உதடு தெரியும் நெருக்கக் காட்சிகளையெல்லாம் ஐந்தரைக்குள் பனைநிழலில் முடித்துவிடு. அந்திக்கு அகலக் காட்சிகளை மட்டும் மிச்சம் வை.

டிரோன் ஆசையை விட்டுவிடு. உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து விமானத்தளம் இருக்கிறது, எதிர்க்கரை இலங்கை. அனுமதிக்கு அலைவதற்குள் தை பிறந்துவிடும். கரையில் ஏற்றி வைத்த வத்தையிலும் காய்கிற வலையிலும் ஏறி நின்று ஆடுவதற்கு முன் சொந்தக்காரரைக் கேள். அது அவர்களுடைய பிழைப்பு, உன் செட் பிராப்பர்ட்டி அல்ல. ஆடுகிற பிள்ளைகளுக்கு உலர்ந்த துண்டும் சுக்குக் காப்பியும் இருக்கட்டும். இருபத்திரண்டு டிகிரியானாலும் நனைந்த பட்டுப்பாவாடையில் வாடை அடித்தால் பல் கிட்டும்.

பாட்டு மொத்தம் எத்தனை நிமிடம் என்று நீ எழுதவே இல்லை. நாலு நிமிடப் பாட்டை முழுதாக ஓட்டினால், அந்திக்குள் ஐந்து டேக்கூடத் தேறாது. பாட்டின் நீளம், குறித்த தேதி, ஒவ்வொரு காட்சிக்கும் கேமரா பார்க்கும் திசை மூன்றையும் எழுதிப் பட்டியலைத் திருப்பி அனுப்பு. திசை குறிக்காத பட்டியலை நான் இனிப் படிக்க மாட்டேன். அம்மாவிடம் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் மாமா