திரைக்குப் பின்னே ஒரு மொழிபெயர்ப்பாளர்

நுழையும்முன்

ஒரு மொழியில் எழுந்த நூலை வேற்று மொழியினர் படித்தறிய மொழிபெயர்ப்பாளர் வேண்டும். கணினியிலும் அத்தகைய மொழிபெயர்ப்பாளர் உண்டு. விண்டோஸ் இயங்குதளத்திற்காக எழுதப்பட்ட விளையாட்டு லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும்போது, திரைக்குப் பின்னே ஓர் இடைநிலை மென்பொருள் ஓயாது உழைக்கிறது. எந்த விளையாட்டு லினக்ஸோடு நேரே பேசுகிறது, எது மொழிபெயர்ப்பின் துணையால் பேசுகிறது என்பதைப் பிரித்தறியும் வழிகளையும், அப்பிரிப்பினால் விளையும் பயனையும் இப்பாடம் ஆராய்கிறது.

லினக்ஸ் கணினியில் விளையாடுவோர் பலர் ஸ்டீம் என்னும் இணைய அங்காடியிலிருந்து விளையாட்டுகளை விலைக்கு வாங்குகின்றனர். வாங்கியவை எல்லாம் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து நிற்கின்றன. எதனைத் தொடங்கவும் ஒரே வகைப் பொத்தான்தான். அதனை அழுத்தினால் விளையாட்டு திரையில் தோன்றிவிடும். ஆயினும் உள்ளே நிகழ்வது எல்லாவற்றிற்கும் ஒன்றன்று. அவற்றுள் சில, லினக்ஸுக்கென்றே உருவாக்கப்பட்டவை. இவற்றை நேரடிப் பதிப்புகள் எனலாம். ஏனையவை விண்டோஸுக்கென உருவாக்கப்பட்டு, இணக்க அடுக்கு எனப்படும் இடைநிலை மென்பொருளின் வழியாக லினக்ஸில் இயங்குபவை.

நூல்களை முதல்நூல், வழிநூல் எனப் பகுத்த தொல்காப்பிய மரபியல், வழிநூலின் நான்கு வகைகளுள் ஒன்றாக மொழிபெயர்ப்பைக் கூறுகிறது. வகை வேறு என்பதன்றித் தரம் தாழ்ந்தது என்னும் குறிப்பு அதில் இல்லை. கணினி விளையாட்டுகளின் இவ்விரு வகையையும் அவ்வாறே நோக்குவது தக்கது. எது எவ்வகை என்று தெரிந்திருத்தல் வேண்டும். தெரிந்த அளவிலேயே ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்துதல் கூடாது.

ஒரே செயலி, வேறுவேறு வேண்டுகோள்

விண்டோஸ் கணினியிலும் லினக்ஸ் கணினியிலும் பெரும்பாலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த செயலிகளே உள்ளன. கூட்டல், கழித்தல் முதலிய கட்டளைகளை இரண்டும் ஒரே வடிவில்தான் ஏற்கின்றன. அவ்வாறாயின் ஒன்றில் ஓடும் விளையாட்டு மற்றொன்றில் ஏன் ஓடுவதில்லை?

எந்த நிரலும் தனித்து இயங்குவதில்லை. கோப்பைத் திறக்க, ஒலி எழுப்ப, திரையில் படம் வரைய, விசைப்பலகையில் அழுத்திய எழுத்தை அறிய என ஒவ்வொன்றுக்கும் அது இயங்குதளத்திடம் வேண்டுகோள் விடுக்கிறது. அவ்வேண்டுகோளின் பெயரும் வடிவமும் இயங்குதளத்திற்கு இயங்குதளம் மாறுபடும். விண்டோஸில் 'சி' என்னும் இயக்ககம் உண்டு. லினக்ஸில் அப்படியொன்று இல்லை. கோப்பின் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாட்டை விண்டோஸ் பொருட்படுத்துவதில்லை, லினக்ஸ் பொருட்படுத்தும். முப்பரிமாணக் காட்சிகளை வரைவதற்கு விண்டோஸ் விளையாட்டுகள் டைரக்ட்3டி என்னும் இடைமுகத்தை நாடுகின்றன. லினக்ஸில் அப்பணிக்கு ஓப்பன்ஜிஎல், வல்கன் ஆகியவை உள்ளன. இவ்வளவு வேறுபாடுகளையும் நிரலாளர் தாமே நீக்கி, லினக்ஸுக்கு ஏற்றவாறு மறுபடியும் உருவாக்கித் தந்தால் அது நேரடிப் பதிப்பு.

அவ்வுழைப்பைப் பிறிதொரு மென்பொருளிடம் ஒப்படைக்கும் முயற்சி 1993ஆம் ஆண்டில் வைன் என்னும் கட்டற்ற மென்பொருளாகத் தொடங்கிற்று. லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டு அப்போது இரண்டாண்டுகளே ஆகியிருந்தன. 'வைன் என்பது போலச்செய்யும் பொறி அன்று' எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமே அப்பெயர். பெயரிலேயே மறுப்பு இருப்பதற்குக் காரணம் உண்டு. பழைய டாஸ் விளையாட்டுகளை இயக்கும் டாஸ்பாக்ஸ் போன்ற மென்பொருள்கள், பழைய கணினி முழுவதையும், அதன் செயலி உட்பட, நிரலாகவே போலச்செய்து காட்டுகின்றன. வைன் அவ்வாறு செய்வதில்லை. விளையாட்டின் கட்டளைகள் நேரே கணினியின் செயலியிலேயே ஓடுகின்றன. இயங்குதளத்தை நோக்கி விடுக்கப்படும் வேண்டுகோள்களை மட்டும் வைன் இடைமறித்து, லினக்ஸுக்கு விளங்கும் வடிவில் மாற்றித் தருகிறது.

சொல்வதற்கு எளிதாகத் தோன்றும் இப்பணி மிகவும் கடினமானது. விண்டோஸின் மூலநிரல் வெளியாருக்குத் திறந்திருப்பதன்று. ஒரு வேண்டுகோளுக்கு விண்டோஸ் என்ன விடை தரும் என்பதை ஆவணங்களிலிருந்தும், மீண்டும் மீண்டும் சோதித்தும் அறிய வேண்டியிருந்தது. விண்டோஸில் ஒரு பிழை இருந்து, விளையாட்டு அப்பிழையை நம்பியே எழுதப்பட்டிருந்தால் வைனும் அதே பிழையைச் செய்தாக வேண்டும். வைனின் 1.0 பதிப்பு 2008ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில்தான் வெளிவந்தது என்பதிலிருந்து இவ்வுழைப்பின் அளவை உணரலாம். இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில் ஒரு தலைமுறைக் கணினிகளே வழக்கொழிந்து போயின.

நேரடிப் பதிப்பின் நெடும்பாதை

அதே காலத்தில், விளையாட்டுகளை லினக்ஸுக்கு நேரடியாகவே கொண்டுவரும் முயற்சியும் நடந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1998இல் தொடங்கப்பட்ட லோக்கி நிறுவனம், பிறருடைய விண்டோஸ் விளையாட்டுகளை உரிமம் பெற்று லினக்ஸுக்கு மாற்றி விற்றது. வாங்குவோர் போதிய அளவில் இல்லாமையால் 2002ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே அது மூடப்பட்டது. பயனர் குறைவு என்பதால் விளையாட்டுகள் வருவதில்லை. விளையாட்டுகள் வராததால் பயனர் பெருகுவதில்லை. இச்சுழலிலிருந்து வெளியேறப் பல்லாண்டுகள் ஆயின.

ஸ்டீம் அங்காடியை நடத்தும் வால்வ் நிறுவனம், 2013ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் லினக்ஸுக்கான ஸ்டீமை முறையாக வெளியிட்டது. தன் விளையாட்டுகளையும் லினக்ஸுக்குக் கொண்டுவந்தது. பல நிறுவனங்கள் அதனைப் பின்பற்றின. பின்பற்றாதவை அவற்றினும் மிகுதி. 2015இல் லினக்ஸைக் கொண்டு வெளிவந்த ஸ்டீம் விளையாட்டுக் கணினிகள் சந்தையில் நிலைக்கவில்லை. அதன்பின் வால்வ் வேறு வழியை நாடியது. வைனை அடிப்படையாகக் கொண்டு, டைரக்ட்3டி அழைப்புகளை வல்கனுக்கு மாற்றும் டிஎக்ஸ்விகே என்னும் நிரலையும் சேர்த்து, புரோட்டான் என்னும் இணக்க அடுக்கை 2018 ஆகஸ்டு மாதத்தில் ஸ்டீமுக்குள்ளேயே அமைத்தது. பயனர் தனியே எதையும் நிறுவ வேண்டியதில்லை. விளையாட்டை உருவாக்கியவரும் எதையும் மாற்ற வேண்டியதில்லை. 2022இல் வெளியான ஸ்டீம் டெக் என்னும் கைக்கருவி, பெரும்பாலான விளையாட்டுகளை இவ்வழியிலேயே இயக்குகிறது.

பிரித்தறியும் முறை

புரோட்டான் அத்துணை இயல்பாக ஒன்றிவிட்டதனால்தான் தொகுப்பிலுள்ள விளையாட்டுகளைப் பிரித்தறிவது அரிதாயிற்று. ஸ்டீம் டெக்கில் காணப்படும் 'சரிபார்க்கப்பட்டது' என்னும் பச்சைக்குறியும் இதற்கு உதவாது. அக்கருவியில் விளையாட்டு நன்கு இயங்கும் என்பதை அது கூறுகிறதேயன்றி, எவ்வழியில் இயங்குகிறது என்பதைக் கூறுவதில்லை.

விளையாட்டு நிறுவப்பட்ட கோப்புறையைத் திறந்து பார்ப்பதே உறுதியான வழி. விண்டோஸில் இயங்கத்தக்க கோப்பைத் திறந்து முதல் இரண்டு பைட்டுகளை எழுத்தாகப் படித்தால் 'எம்', 'இசட்' என்னும் ஆங்கில எழுத்துகள் தோன்றும். லினக்ஸுக்குரிய கோப்பில் 127 என்னும் எண்மதிப்புள்ள பைட்டு முதலிலும், அதனையடுத்து 'இ', 'எல்', 'எஃப்' என்னும் மூன்று எழுத்துகளும் இருக்கும். கோப்பின் பெயரை எப்படி மாற்றினாலும் இவை மாறுவதில்லை.

மற்றோர் அடையாளமும் உண்டு. புரோட்டான் வழியே ஒரு விளையாட்டு முதன்முறை ஓடும்போது, அதற்கென ஒரு தனிக் கோப்புறை உருவாகிறது. விளையாட்டுக்கு ஸ்டீம் அளித்துள்ள எண்ணே அதன் பெயர். அதனுள் சென்று பார்த்தால் விண்டோஸ் கணினி ஒன்றின் 'சி' இயக்ககம் போலவே அடுக்கப்பட்ட கோப்புறைகளைக் காணலாம். விளையாட்டு தான் விண்டோஸில் இருப்பதாகவே எண்ணிக்கொள்ள, நாடக மேடையின் வரைதிரை போல அந்த அமைப்பு அதனைச் சூழ்ந்து நிற்கிறது!

தெரியுமா?
விண்டோஸ் கோப்புகளின் தொடக்கத்தில் காணப்படும் 'எம்', 'இசட்' என்பவை மார்க் ஸ்பிகோவ்ஸ்கி என்னும் மைக்ரோசாஃப்ட் பொறியாளரின் பெயர் முதலெழுத்துகள். டாஸ் காலத்தில் அவர் வடிவமைத்த கோப்பு அமைப்பின் அடையாளம் இன்றைய விண்டோஸ் கோப்புகளிலும் தொடர்கிறது.

எல்லைக்கோடு மங்குமிடம்

இவ்வடையாளங்களைக் கொண்டு தொகுப்பை இரண்டாகப் பிரிக்கத் தொடங்கினால், எதிர்பாராத சில விளையாட்டுகள் குறுக்கிடுகின்றன. 2014இல் லினக்ஸுக்கு வெளிவந்த தி விட்சர் 2 நேரடிப் பதிப்பாகவே விற்கப்பட்டது. ஆனால் விண்டோஸ் அழைப்புகளை மாற்றித் தரும் ஈயான் என்னும் இணக்க நிரல் அதனுள்ளேயே பொதியப்பட்டிருந்தது. வெளிவந்த புதிதில் அது மிக மெதுவாக ஓடியதால் பயனர்களின் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. வால்வின் போர்ட்டல் 2 லினக்ஸுக்கு வந்தபோது, டைரக்ட்3டி அழைப்புகளை ஓப்பன்ஜிஎல்லுக்கு மாற்றும் பகுதி அதனுள் அமைந்திருந்தது. 2021இல் அந்நேரடிப் பதிப்புக்குள்ளேயே டிஎக்ஸ்விகே சேர்க்கப்பட்டது. புரோட்டானில் மொழிபெயர்ப்பாளராக விளங்கும் அதே நிரல், இங்கே விளையாட்டின் ஓர் உறுப்பாயிற்று.

மறுபுறம், சி ஷார்ப் மொழியில் எழுதப்பட்ட சில விளையாட்டுகளின் லினக்ஸ் பதிப்பிலும் 'எம்', 'இசட்' என்று தொடங்கும் கோப்பு காணப்படும். மோனோ என்னும் இயக்கி அதனை லினக்ஸிலேயே படித்து இயக்குகிறது. வைனுக்கு அங்கே வேலையில்லை. ஆகவே முதலெழுத்துகளை மட்டும் கண்டு முடிவு செய்வோர் இத்தகைய விளையாட்டுகளில் ஏமாறுவர். கோப்புறையில் லினக்ஸுக்குரிய தொடக்கக் கோப்பும் உடன் உள்ளதா என்று பார்த்தல் வேண்டும்.

பழுது நேர்ந்தால் யாரிடம் செல்வது?

ஒரு விளையாட்டு திடீரென நின்றுவிட்டால் இந்தப் பாகுபாடு உடனே பயன்தரத் தொடங்குகிறது. நேரடிப் பதிப்பு எனில் அதனைச் சீர்செய்யும் கடமை விளையாட்டை விற்றவருடையது. இணக்க அடுக்கின் வழி இயங்குவது எனில், லினக்ஸில் அது ஓடும் என்று விற்றவர் வாக்களித்தாரல்லர். அவருடைய அடுத்த மாற்றம் லினக்ஸ் பயனரைப் பாதிக்கலாம்; அவர் அதனை அறியாமலும் இருக்கலாம். ஏமாற்றி விளையாடுவோரைத் தடுக்கும் காவல் நிரல்களில் இது தெளிவாகப் புலப்படுகிறது. ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ ஆகிய இரண்டும் 2021 முதல் புரோட்டானில் இயங்க வழிசெய்துள்ளன. எனினும் அவ்வழியைத் திறப்பதும் அடைப்பதும் அந்தந்த விளையாட்டை நடத்தும் நிறுவனத்தின் விருப்பம்.

இதனைக் கொண்டு நேரடிப் பதிப்பே என்றும் பாதுகாப்பானது என்று கருதிவிடவும் இயலாது. லோக்கி விற்ற விளையாட்டுகள் இன்றைய லினக்ஸில் எளிதில் ஓடுவதில்லை. அவை நம்பியிருந்த நிரல் நூலகங்களும் ஒலி அமைப்பும் மாறிவிட்டன. பழைய நூலகங்களைத் தேடித் தொகுத்து அருகில் வைத்தால்தான் அவை உயிர்பெறுகின்றன. நேரே பேசியவற்றுக்கே இன்று துணை தேவைப்படுகிறது.

ராக்கெட் லீக் விளையாட்டின் கதை இன்னும் அண்மையது. பந்தை மகிழுந்துகளால் மோதி அடிக்கும் இவ்விளையாட்டுக்கு 2016 முதல் லினக்ஸ் பதிப்பு இருந்தது. 2020 ஜனவரியில், மேக், லினக்ஸ் இரண்டுக்குமான பதிப்புகளை மார்ச்சு மாதத்தோடு நிறுத்துவதாக அதன் நிறுவனம் அறிவித்தது. டைரக்ட்எக்ஸ் 9 என்னும் பழைய அமைப்பிலிருந்து டைரக்ட்எக்ஸ் 11க்கு விளையாட்டு மாறுவதைக் காரணமாகக் காட்டியது. இவ்விரு இயங்குதளங்களின் பயனர்களையும் சேர்த்தே 0.3 விழுக்காட்டுக்கும் குறைவு என்றும் கூறியது. விலை கொடுத்து வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரவும் முன்வந்தது. மார்ச்சு மாதத்துக்குப் பின் நேரடிப் பதிப்பில் இணையவழிப் போட்டிகள் நின்றன. விளையாட்டைக் கைவிட மனமில்லாத லினக்ஸ் பயனர்கள், ஸ்டீமின் அமைப்புப் பக்கத்தில் புரோட்டானைத் தேர்ந்து, அதே விளையாட்டின் விண்டோஸ் பதிப்பை இறக்கி நிறுவிக்கொண்டனர். தொகுப்பில் அதன் பெயரும் படமும் முன்பிருந்த இடத்திலேயே இருந்தன. கோப்புறையில் இருந்த கோப்பின் முதலெழுத்துகள் மட்டும் 'எம்', 'இசட்' என மாறியிருந்தன.

கற்பவை கற்றபின்

லினக்ஸ் நிறுவப்பட்ட பள்ளிக் கணினி ஒன்றில், ஆசிரியரின் துணையோடு ஏதேனும் மூன்று நிரல்களின் தொடக்க பைட்டுகளைப் பார்த்து, அவை எவ்வகைக் கோப்புகள் எனக் குறிப்பு எழுதுக.

'மொழிபெயர்ப்பு எளிதாகிவிட்டால் நேரடிப் பதிப்பை எழுத எவரும் முன்வரார்' என்னும் கருத்தை ஒட்டியும் வெட்டியும் வகுப்பறையில் உரையாடுக.