கொடாததைக் கொள்ளாமை: இரண்டாம் சீலத்தில் ஒரு பாடம்



ஒவ்வொரு பௌர்ணமியன்றும் திரிசரணம் கூறிப் பஞ்சசீலம் ஏற்கின்றோம். அவற்றுள் இரண்டாவதைத் "திருடாமை" என்று சுருக்கிச் சொல்லிவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. நாம் கன்னக்கோல் பிடித்தவரல்லர். பிறர் பையில் கைவிட்டவருமல்லர். ஆகவே இச்சீலம் நமக்கு எளிதென்று எண்ணி அடுத்ததற்குச் சென்றுவிடுகின்றோம். அஃது அத்துணை எளிதன்று என்பதை ஒரு சிறு வினா நமக்கு உணர்த்திற்று.

கோலார் தங்கவயலில் 2001ஆம் ஆண்டு சுரங்கங்கள் மூடப்பட்டபின், நம்மவர் பலர் நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூர் சென்று உழைத்துத் திரும்புகின்றனர். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் வந்து, அதனை நிலையத்தருகே நிறுத்திவிட்டுச் செல்வோரும் உண்டு. அத்தகைய இளைஞர் ஒருவர் பௌர்ணமிக் கூட்டத்தில் எழுந்து கேட்டார்: "ஐயா, இரவில் திரும்பி வரும்போது முன்பின் அறியாத இருவர் என் வண்டியின் மேல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கின்றனர். எழுந்திருக்கச் சொன்னால், 'உட்கார்ந்தால் தேய்ந்தா போய்விடும்?' என்கின்றனர். அவர்கள் செய்வது சீலக்கேடா? அன்றி, நான் கோபங்கொள்வதுதான் சீலக்கேடா?"

சிலர் நகைத்தனர். நகைத்தற்குரிய வினா அன்று இது. முறையாக ஆராய்வோம்.

சொல்லும் பொருளும்

இச்சீலத்திற்குப் பாளி மொழியில் வழங்கும் சொல் "அதின்னாதானம்" என்பது. "அதின்னம்" என்றால் கொடுக்கப்படாதது. "ஆதானம்" என்றால் எடுத்துக்கொள்ளுதல். கொடாததைக் கொள்ளுதலினின்று விலகியிருப்பேன் என்பதே நாம் ஏற்கும் பயிற்சி. களவு என்பது இதன் ஒரு கூறு, முழுப்பொருளன்று.

களவுக் குற்றம் நிறைவுறுவதற்கு உரையாசிரியர்கள் ஐந்து உறுப்புகள் கூறுவர். பொருள் பிறருடையதாதல், பிறருடையது என்று அறிந்திருத்தல், திருடும் எண்ணம், அதற்கான முயற்சி, அம்முயற்சியால் பொருள் இடம்பெயர்தல் என்பன அவை. நம் இளைஞரின் வண்டியில் அமர்ந்தவரிடம் முதலிரண்டும் உண்டு. திருடும் எண்ணம் இல்லை, வண்டியும் இடம்பெயரவில்லை. ஆகவே அவர் கள்வர் அல்லர். அவரைக் கள்வர் என்று கூவினால், நாம்தாம் பொய்யுரையாமை என்னும் நான்காம் சீலத்தில் வழுவியவராவோம்.

ஆயின், களவன்று என்பதனாலேயே அது தக்க செயலாகிவிடுமா? இங்கே விநயபிடகம் நமக்கு இரண்டு விளக்குகளை ஏற்றித் தருகின்றது.

தனியரின் மரமும் அரசரின் மொழியும்

குயவர் மகனான தனியர் என்னும் பிக்கு, இராஜகிருகத்தில் தமக்கொரு குடில் அமைக்க விரும்பினார். நகரைப் பழுதுபார்ப்பதற்காக அரசாங்கம் காத்துவைத்திருந்த மரங்களை, அரசர் எனக்கு அளித்துவிட்டார் என்று காவலரிடம் கூறி எடுத்துச் சென்றார். பிம்பிசார மன்னர் வினவியபோது, "தாங்கள் முடிசூடிய நாளில், புல்லும் மரமும் நீரும் சமணர்க்கும் பிராமணர்க்கும் அளிக்கப்பட்டன என்று மொழிந்தீர்களே!" என்றார் தனியர். காட்டில் எவர் உடைமையும் ஆகாதவற்றைக் குறித்தே தாம் அவ்வாறு மொழிந்ததாக மன்னர் விளக்கினார். அவரைத் தண்டியாது விடுத்தார். எனினும் பகவன் புத்தர் அச்செயலைக் கடிந்து, கொடாததைக் கொள்ளலாகாது என்னும் விதியைப் பிக்குகளுக்கு வகுத்தார்.

தனியர் செய்தது இன்னும் பெரிய பிழை. ஆயினும் அவர் சொன்ன காரணத்தின் சாயலை இன்றும் தெருவில் கேட்கின்றோம். "பொது இடத்தில்தானே நிற்கின்றது? யார் தடுத்தார்?" என்கின்றனர். தெரு பொதுவாயிருக்கலாம், அதில் நிற்கும் வண்டி பொதுவன்று. தடுக்கப்படாமை வேறு, கொடுக்கப்படுதல் வேறு.

உரிமை கொண்டாடுதற்கு ஐந்து நிபந்தனைகள்

கேளாமலே எடுத்துக்கொள்ளும் உரிமையையும் விநயம் அறவே மறுக்கவில்லை. நம்பிக்கையின்பேரில் ஒருவர் பொருளைக் கொள்வதற்கு ஐந்து நிபந்தனைகள் கூறப்பட்டுள்ளன. உடையவர் அறிமுகமானவராயிருத்தல் வேண்டும்; நெருங்கிய நண்பராயிருத்தல் வேண்டும்; அதுபற்றி முன்னரே சொல்லியிருத்தல் வேண்டும்; உயிரோடிருத்தல் வேண்டும்; "நான் இதை எடுத்துக்கொண்டால் அவர் மகிழ்வார்" என்று நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

தம்பியின் வண்டியில் அண்ணன் அமர்வதும், தோழரின் வண்டியில் தோழர் சாய்ந்து நிற்பதும் இவற்றுள் அடங்கும். முன்பின் அறியாதவரோ முதற்படியிலேயே நின்றுவிடுகின்றார். ஐந்தாம் நிபந்தனையை உற்றுநோக்குக. "கோபித்துக்கொள்ளமாட்டார்" என்பது அங்குப் போதாது. "மகிழ்வார்" என்பதே அளவுகோல்.

தேய்ந்தா போய்விடும்?

தேய்வதில்லை என்பது முற்றிலும் உண்மையன்று. இன்றைய மோட்டார் சைக்கிள்களில் சிறியனவே 100 கிலோவுக்கு மேற்பட்ட எடையுள்ளவை. ஒற்றை ஸ்டாண்டில் இடப்புறம் சாய்ந்து நிற்கும் வண்டியின்மேல் இருவர் ஏறி ஆடினால், ஸ்டாண்டு வளையலாம்; மண்தரையாயின் புதையலாம். வண்டி சாய்ந்தால் கிளச்சுப் பிடி ஒடியும், கண்ணாடி உடையும், அருகில் நிற்கும் குழந்தை நசுங்கவும் கூடும். இப்போதுதான் ஓடி நின்ற வண்டியாயின், அதன் சைலன்சர் ஏறுபவர் காலையே சுட்டுவிடும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும், நின்றிருக்கும் வாகனத்தில் உரிய அதிகாரமோ தக்க காரணமோ இன்றிப் புகுதல், அதனை நகர்த்துதல், அதன் பிரேக்கு முதலிய உறுப்புகளில் கைவைத்தல் ஆகியவற்றுக்கு அபராதம் விதிக்கின்றது. வெறுமனே அமர்தல் அதில் அடங்குமா என்பதை வழக்கறிஞர் வாதிடுக. சட்டம் நின்றுவிடும் இடத்திலும் சீலம் நம்முடன் நடந்துவருகின்றது.

வேளுத்துவாரம் என்னும் கோசல நாட்டு ஊரின் இல்லறத்தார்க்குப் பகவன் போதித்த முறை இதுவே: எனக்கு இனியதல்லாதது பிறர்க்கும் இனியதன்று, அதனை நான் பிறர்மேல் எவ்வாறு சுமத்துவேன்? பல மாதத் தவணை கட்டி, வயிற்றைக் கட்டி வாங்கிய வண்டி என்னுடையதாயின், அதன்மேல் அயலார் ஏறி அமர்வதை நான் விரும்புவேனா?

நமக்கு மட்டும் உரிய ஒரு சிக்கல்

இவ்வளவும் சொன்னபின், முதியவர் ஒருவர் மெல்ல எழுந்து, "தொடாதே, உட்காராதே என்ற சொற்களைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். அதே சொற்களை நாமும் ஒருவரிடம் சொல்லலாமா?" என்றார். கூட்டம் அமைதியாயிற்று.

அன்பர்களே, இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது. 1927ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள், மகாட் நகரின் சவுதார் குளத்தில் பாபாசாகேப் அம்பேத்கர் நீரருந்தியபோது, அவர் எவர் அனுமதியையும் கேட்கவில்லை. கேட்கவேண்டியதும் இல்லை. அது பொதுக்குளம்; அவருக்கும் உரியது. அவ்வுரிமையை மறுத்தவர்களே பிறருடையதைத் தமதாக்கிக்கொண்டவர்கள். தமக்குரிய தெருவில் செருப்பணிந்து நடக்கவும் சைக்கிளேறிச் செல்லவும் நம் முன்னோரைத் தடுத்தவர்களும் அத்தகையோரே. கொடாததைக் கொண்ட குற்றம் அவர்களுடையது.

பொதுவானதில் எவர்க்கும் தடையில்லை; ஒருவர்க்கே உரியதில் அவர் இசைவே வாயில். "நீ இன்ன குலத்தான், எழுந்திரு" என்பது தீண்டாமை. "நீவிர் எவராயினும் ஆகுக, என்னைக் கேளாது அமராதீர்" என்பது தன்மதிப்பு. முன்னது மனிதனை அளக்கின்றது; பின்னது செயலை அளக்கின்றது. 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அளித்த 22 உறுதிமொழிகளுள் திருடாமையும் ஒன்று. மனிதர் யாவரும் சமம் என்பதும் ஒன்று. இரண்டையும் சேர்த்தே ஏற்றோம். சேர்த்தே காத்தல் வேண்டும்.

ஆகவே எழுந்திருக்கச் சொல்லும்போது, அமர்ந்திருப்பவரின் உடையையோ முகத்தையோ கண்டு நம் குரல் மாறுகின்றதா என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்வோமாக. செல்வர் மகனிடம் பணிந்தும், குப்பை பொறுக்கும் சிறுவனிடம் அதட்டியும் பேசுவோமாயின், நாம் விட்டு வந்த நோய் நம்முள் இன்னும் இருக்கின்றது என்பது பொருள்.

இளைஞருக்கு விடை

அமர்ந்தவர் செய்தது களவன்று. கொடாததைக் கொண்ட சிறு பிழை. நீர் எழுந்திருக்கச் சொன்னது சீலக்கேடன்று. ஆனால் கோபம் உம்மையே முதலில் சுடும். நற்பேச்சின் ஐந்து இலக்கணங்களைப் பகவன் கூறியுள்ளார்: உரிய காலத்தில், உண்மையாக, மென்மையாக, பயனுற, அன்புள்ளத்தோடு பேசுதல். "ஐயா, இது என் வண்டி. ஸ்டாண்டு தாங்காது. தயவுசெய்து இறங்குங்கள்" என்ற சொற்களில் ஐந்தும் உள. வேலை முடிந்து களைத்து நிற்பவராயின், அருகிலுள்ள திண்ணையைக் காட்டுங்கள்.

இம்மாதப் பயிற்சி

பகவன் தம் மைந்தர் இராகுலருக்கு, செயலுக்கு முன்னும், செய்யும்போதும், செய்தபின்னும் எண்ணிப் பார்க்கக் கற்பித்தார். அடுத்த பௌர்ணமிவரை நாமும் அவ்வாறே செய்வோம். அண்டை வீட்டார் செய்தித்தாளைப் புரட்டுமுன், உடன் பணியாற்றுவோர் குடையை எடுக்குமுன், தெருவில் நிற்கும் வண்டியில் சாயுமுன், ஒரு கணம் நின்று, "இது எனக்குக் கொடுக்கப்பட்டதா?" என்று கேட்போம். கொடுக்கப்படவில்லையாயின், உடையவரைக் கேட்போம். அவர் இல்லையாயின், நின்றுகொண்டே பேசுவோம். கால் சற்று வலிக்கலாம், சீலம் வலுப்பெறும்.

நமோ புத்தாய!