நாலு டிராக்கும் ஒரே டேப்பில் ஓடும்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய ஆல்பத்தைக் கேட்டு முடித்த கையோடு எழுதியிருக்க வேண்டும். கோபம் ஆறட்டும் என்று சில நாள் விட்டுப் பார்த்தேன். ஆறவில்லை. அதனால் இருக்கிறபடியே எழுதுகிறேன்.

நேராக நாலாவது பாட்டுக்கு வருகிறேன். கிட்டார் தொடங்குமுன் டேப் ஹிஸ் கேட்கிறது. ஹெட்ஃபோனில் கவனித்தால் அந்த இரைச்சலுக்குள் சின்னதாக ஒரு ‘டிக்’. சில நொடி கழித்து அதே ‘டிக்’. மறுபடியும் அதே. எங்கிருந்தோ எடுத்த ஹிஸ்ஸை லூப் போட்டு அடியில் விரித்திருக்கிறாய். அடுத்து கிட்டார். கேசட் இழுபடுவதுபோல அதன் சுருதி மேலும் கீழும் அலைகிறது. ட்ரம்ஸோ தாளம் எண்ணும் க்ளிக்கை விட்டு மயிரிழைகூட விலகாமல் நிற்கிறது. இது எப்படியம்மா நடக்கும்? நீ பாவனை செய்யும் ஃபோர்-டிராக் கேசட் ரெக்கார்டரில் நாலு டிராக்கும் ஒரே டேப்பில்தான் ஓடுகின்றன. டேப் ஓடி ஒலிக்கும்போது மோட்டார் தடுமாறினால் கிட்டார், குரல், ட்ரம்ஸ் எல்லாம் சேர்ந்தே தடுமாறும். ஒன்று மட்டும் தள்ளாட, பக்கத்தில் இருப்பது விறைப்பாக நிற்க வழியே இல்லை. கேசட்டோடு வாழ்ந்த எந்தக் காதும் அந்த இடத்தில் உன்னை நம்புவதை நிறுத்திவிடும்.

உனக்குப் பிடித்த ‘பீ தவுசண்ட்’ ஆல்பத்தையே எடுத்துக்கொள். 1994இல் வந்தது. இருபது பாட்டு, மொத்தம் சுமார் 36 நிமிடம். அதைச் செய்த குழுவின் தலைவர் ராபர்ட் போலார்ட் அப்போது ஓஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் பள்ளி ஆசிரியர். வீட்டு ரெக்கார்டர்களில் பதிவான ஆல்பம் அது. முதல் பாட்டில் ஓர் இடத்தில் கிட்டார் திடீரென்று அறுந்துபோய்த் திரும்பி வரும். அதைத் திருத்தாமல் அப்படியே விட்டார்கள். அந்த டேக்கில் உயிர் இருந்தது, அதைக் காப்பாற்ற அந்த ஓட்டையையும் ஏற்றுக்கொண்டார்கள். அங்கே இரைச்சல் என்பது ஒரு முடிவுக்குக் கொடுத்த விலை. நீ எந்த முடிவும் எடுக்காமல் விலையை மட்டும் கொட்டிக் கொடுத்திருக்கிறாய்.

முடிவே எடுக்கவில்லை என்று ஏன் சொல்கிறேன்? கூடவே நீ அனுப்பிய ப்ராஜெக்ட் ஃபைலைத் திறந்து பார்த்தேன். நாலாவது பாட்டில் மட்டும் 41 டிராக். அதில் கிட்டார் பதினொன்று. எது பாட்டுக்கு வேண்டும், எது வேண்டாம் என்று கடைசி நிமிடம்வரை தள்ளிப்போட்டுவிட்டு, அப்புறம் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு டேப் பிளக்-இன்னைப் போட்டு மூடிவிட்டாய்.

ஃபோர்-டிராக்கில் அப்படித் தள்ளிப்போட முடியாது. டாஸ்காம் கம்பெனி 1979இல் கொண்டுவந்த போர்ட்டாஸ்டூடியோவில் டேப் இரண்டு மடங்கு வேகத்தில், ஒரே திசையில் ஓடும். அறுபது நிமிட கேசட் அதில் பதினைந்தே நிமிடம்தான். பௌன்ஸ் என்றால் என்னவென்று உனக்குத் தெரியும். அது ஆளை என்ன செய்யும் என்பதைச் சொல்கிறேன். மூன்று டிராக்கை நாலாவதில் கலந்துவிட்டு, அந்த மூன்றையும் அழித்து மேலே புதிதாகப் பதிவு செய்கிற நொடியில் நடந்தது நடந்ததுதான். ட்ரம்ஸ் எவ்வளவு, பேஸ் எவ்வளவு என்பதை இனி யாராலும் மாற்ற முடியாது. ஒவ்வொரு பௌன்ஸிலும் ஹிஸ் ஏறும், சிம்பல் மங்கும். அதனால் கைவைக்குமுன் பாட்டு மனத்துக்குள் முடிந்திருக்க வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஓஹையோவில் படித்துக்கொண்டிருந்தேன். வாடகை வீட்டின் பேஸ்மென்டில் பழைய போர்ட்டாஸ்டூடியோ ஒன்றை வைத்துக்கொண்டு நானும் அறைத்தோழனும் இரவெல்லாம் உட்கார்ந்திருப்போம். பனிக்காலத்தில் பக்கத்திலேயே ஹீட்டர் உறுமும். அது நிற்கும்வரை காத்திருந்து, நின்றதும் ஒரு டேக். மறுபடி உறுமத் தொடங்குவதற்குள் பாட்டை முடித்தாக வேண்டும். எங்கள் பாட்டுகள் எல்லாமே இரண்டரை நிமிடத்துக்குள் அடங்கியது அதனால்தான். ஒருமுறை அவன் பௌன்ஸ் செய்தபோது ஸ்னேர் மட்டும் துப்பாக்கிபோல முன்னால் வந்து நின்றுவிட்டது. அழித்தாகிவிட்டது, திரும்ப முடியாது. அந்த ஸ்னேருக்கு இடம் கொடுக்க கிட்டாரை ஒற்றைக் கம்பிக்கு இறக்கினேன். அவன் குரலை உயர்த்திப் பாடினான். நாங்கள் செய்ததிலேயே உருப்படியான பாட்டு அதுதான். அந்த ஸ்னேர்தான் அதைச் செய்து கொடுத்தது. வசதி கூடக் கூடப் பாட்டு கெடும் என்று நான் யாரைப் பார்த்தாலும் சொல்வது அந்த பேஸ்மென்டில் கற்றது.

இரண்டாவது குறை உன் குரல். நீ எழுதிய வரிகளைத் தாளில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஆல்பத்தில் பாதி காதில் விழவில்லை. தொண்ணூறுகளில் குரலைப் புதைத்தார்கள் என்று ‘லவ்லெஸ்’ஸைக் காட்டுவாய். 1991இல் வந்த அந்த ஆல்பத்துக்காக மை ப்ளடி வேலன்டைன் குழு ஸ்டூடியோ ஸ்டூடியோவாக மாறி இரண்டு ஆண்டுக்குமேல் செலவழித்தது. அங்கே குரலும் இன்னொரு கிட்டார். உன் பாட்டுகள் சொற்களால் நிற்பவை. அதே 1991இல் பாடகி லிஸ் ஃபேர் பெற்றோர் வீட்டுப் படுக்கையறையில் ‘கேர்லி-சவுண்ட்’ கேசட்டுகளைப் பதிவு செய்தார். பெரும்பாலும் கிட்டாரும் குரலும்தான். ஒரு சொல்கூடத் தப்பாது. எலியட் ஸ்மித்தின் ‘ரோமன் கேண்டில்’ ஆல்பம் போர்ட்லண்டில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் பதிவானது. கிசுகிசுப்பாகவே பாடுகிறார், ஆனாலும் மூச்சு இழுப்பதுவரை கேட்கிறது. மட்டமான கருவி குரலை மறைக்காது, மகளே. பாடுகிறவர்தான் மறைத்துக்கொள்கிறார். உன் டிஸ்டார்ஷன் கிட்டார் 2,000 ஹெர்ட்ஸிலிருந்து 4,000 ஹெர்ட்ஸ்வரை முழுக்க ஆக்கிரமித்திருக்கிறது. உன் மெய்யெழுத்துகள் வாழ வேண்டிய இடம் அது. ஃபேடரை ஏற்றிப் பயனில்லை, கிட்டாரை அங்கிருந்து கிளப்பு.

இனி ஏழாவது பாட்டு.

அதைக் கேட்டு எழுந்து நின்றுவிட்டேன். ஒரு மைக், ஒரு அக்கூஸ்டிக் கிட்டார், நீ. ஹிஸ் பிளக்-இன் இல்லை. மேலே ஃபேன் மெதுவாகச் சுற்றுவது கேட்கிறது. இரண்டாவது சரணத்தில் உன் கை தன்னையறியாமல் அந்த ஃபேனின் வேகத்துக்கு வந்து சேர்கிறது. அந்த நொடியிலிருந்து அறையே உன்னோடு வாசிக்கிறது. மேல் ஸ்தாயிக்குப் போகும் இடத்தில் குரல் உடைகிறது. உடைந்தபிறகும் நீ நிறுத்தாமல், உடைந்த குரலிலேயே அடுத்த வரியைப் பிடித்துக்கொண்டு போகிறாய். அந்தத் தைரியம் சொல்லிக்கொடுத்து வராது. ‘பீ தவுசண்ட்’டை வைத்திருக்கும் அலமாரியில் இதையும் வைப்பேன். யாரிடம் வேண்டுமானாலும் இதைச் சொல்வேன்.

அந்தப் பாட்டைச் செய்தவளுக்கு நாலாவது பாட்டைச் செய்ய என்ன அவசியம் வந்தது என்பதுதான் என் கோபம் முழுவதும்.

ஆகவே ஆல்பத்தை இப்போது வெளியிடாதே. ஏழாவது பாட்டை மட்டும் தனியாக வெளியிடு, மாஸ்டரிங் என்று யாரும் அதைத் தொட விடாதே. மற்ற பாட்டுகளை அதே அறையில், நாலே டிராக்கில் மறுபடி பதிவு செய். கேசட் மெஷின் தேட வேண்டாம், கம்ப்யூட்டரே போதும். ஐந்தாவது டிராக்கைத் திறக்காதே, கலந்ததைப் பிரிக்காதே. க்ளிக்கை அணைத்துவிட்டு ஒரு மனிதரை ட்ரம்ஸில் உட்கார வை. ஸ்டாக்டனில் கேரி யங் தன் வீட்டு ஸ்டூடியோவில் பேவ்மென்ட் குழுவுக்காக ட்ரம்ஸ் வாசித்ததை ஒருமுறை கேட்டால், தாளம் கொஞ்சம் சாய்ந்தாலும் பாட்டு விழாது என்று தெரியும். ஒரு பாட்டுக்கு மூன்று டேக்குக்குமேல் எடுக்காதே. மூன்றில் வராத பாட்டு இன்னும் எழுதி முடியவில்லை என்று அர்த்தம். மறுபடி தாளுக்குப் போ.

முடித்ததும் முதலில் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
பெரியப்பா